கடிவாளம் தளர்ந்தபோது

பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 1522இல் ஸ்பெயின் தேசத்து மொன்செராத் மலையை நோக்கிக் கோவேறு கழுதையிற் சென்றார். வழியிற் கூடவந்த மூர் இனத்தவர் ஒருவர் தேவதாயின் கன்னிமையை ஐயுற்றுப் பேசிவிட்டு முன்னே போய்விட்டார். தொடர்ந்துசென்று அவரைக் கத்தியாற் குத்துவதா, விட்டுவிடுவதா? எண்ணிக் களைத்த இஞ்ஞாசியார் கடிவாளத்தைத் தளரவிட்டார். கழுதை ஊர்ப்பாதையிற் திரும்பினால் குத்துவது. பெருவழியே சென்றால் விடுவது. அகன்ற ஊர்ப்பாதையை விடுத்துக் கழுதை பெருவழியே சென்றது. ஓருயிர் பிழைத்தது.

இதனைத் தெய்வச் செயல் என்பாருமுளர். ஆயினும் தம் பொறுப்பை விலங்கின் முதுகில் ஏற்றுவது விசுவாசமாகுமோ? திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்க்கும் நம்மவரையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

அவரே எழுதி, 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்ற ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ வேறு வழி காட்டுகின்றது. எப்பக்கமும் சாயாத மனத்தை முதலில் இறைவனிடம் வேண்டவேண்டும். பின்னர் இருபுறத்து நன்மை தீமைகளையும் நிறுத்துப் பார்த்து, ஆசை இழுக்கும் பக்கமன்றி அறிவு காட்டும் பக்கம் நிற்கவேண்டும். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் யாது கூறுவோம்? மரணப் படுக்கையில் எதனைத் தெரிந்திருக்க விரும்புவோம்? இவற்றையும் எண்ணச் சொல்கிறார். மனம் சோர்ந்து இருண்ட வேளையில் முன்னைய தீர்மானத்தை மாற்றலாகாதென்பது மற்றொரு விதி. நாம் வேலையை உதறுவதும் உறவை முறிப்பதும் பெரும்பாலும் அவ்வேளையிலன்றோ!

1544இல், சபையின் கோயில்களுக்கு நிலையான வருமானம் வேண்டுமா என்ற வினா எழுந்தது. காரணங்களைத் தாளில் எழுதிவைத்து, நாற்பது நாட்கள் பூசையிலும் செபத்திலும் சீர்தூக்கினார். வேண்டாமென்று முடிவாயிற்று.