திருச்சிக்கு அலைய வேண்டாம்... கிராமத்து டாக்டர், நர்ஸுகளுக்கு ஆன்லைன் பயிற்சி: எப்படி நடக்குது? நோயாளிக்கு என்ன லாபம்?

மண்ணச்சநல்லூர் பக்கத்துல ஒரு கிராமம்னு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் ஆறவில்லை. "திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். நம்பர் 1 டோல்கேட், கொள்ளிடம் பாலம், காவிரிப் பாலம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து இன்னொரு பஸ். தூரம் கம்மிதான். ஆனால் துணைக்கு வருபவரையும் சேர்த்தால் ரெண்டு பேரோட ஒருநாள் கூலி போச்சு. அதனாலேயே தள்ளிப்போட்டு, புண் முற்றிய பிறகு போகிறவர்கள் உண்டு.

உள்ளூர் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கூடுதலாக ஒரு விஷயம் தெரிந்தால், இப்படி ஒரு அலைச்சல் குறையும். ஆன்லைன் பயிற்சியின் கணக்கு இதுதான்.

வேலூர் சொன்ன வழி

வேலூர் சி.எம்.சி. 2006-லேயே இதைத் தொடங்கிவிட்டது. எம்.பி.பி.எஸ். முடித்து ஊரில் பிராக்டிஸ் செய்யும் டாக்டர்களுக்கான 2 ஆண்டு குடும்ப மருத்துவப் படிப்பு அது. தொலைதூரக் கல்வியும் நேரடி வகுப்பும் கலந்தது. அந்தத் திட்டத்தின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'குறைவாக அனுப்பு, அதிகமாகத் தீர்த்து வை'.

'எக்கோ' என்றால் என்ன?

2020 ஏப்ரலில், கொரோனா பணியாளர்களுக்காக மத்திய அரசு 'ஐகாட் தீக்‌ஷா' தளத்தைத் திறந்தது. பாதுகாப்பு உடை அணிவது முதல் தீவிர சிகிச்சை வரை வீடியோ பாடங்கள். அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் வீடியோவிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாதே?

இங்கேதான் 'எக்கோ' வருகிறது. 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய முறை. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் இவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் சிறு ஊர் டாக்டர்களை வாராவாரம் வீடியோவில் கூட்டினார். ஒருவர் தன் நோயாளியின் பிரச்னையைப் பெயர் சொல்லாமல் விளக்குவார். நிபுணரும் மற்றவர்களும் பேசுவார்கள். சிகிச்சை தருவது உள்ளூர் டாக்டரேதான்.

பலன்? 407 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம். சிறு ஊர்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். கிட்டத்தட்ட சமம்! பெங்களூரு நிம்ஹான்ஸ் இதே முறையில் மனநலம், போதை அடிமை சிகிச்சைக்குப் பயிற்சி தருகிறது.

செல்போனில் வராத பாடம்

எல்லாவற்றையும் திரையில் கற்க முடியாது. தமிழ்நாட்டின் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' 2022-ல் தொடங்கியது. உடல் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தான நோயாளியை முதலிலேயே பிரித்தெடுக்கிறார்கள். இதை போனிலேயே நன்றாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆனால் பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால்? முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். முகமூடி முகத்தில் சரியாகப் பதிந்ததா என்பது கைக்குத்தான் தெரியும். பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பப் பழகினால்தான் அந்தக் கை வரும். அதற்கு ஆள் நேரில் வந்தே ஆகணும்.

நேரம் எங்கே?

டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002 விதிமுறை சொல்கிறது. கிராம சுகாதார செவிலியருக்கோ காலையில் தடுப்பூசி, பிறகு கர்ப்பிணிகள் வீடு, அதற்குப் பிறகு பதிவேடும் கம்ப்யூட்டர் என்ட்ரியும். பாடத்தை ராத்திரி வீட்டில், சொந்த டேட்டாவில் பார்க்கச் சொன்னால் ஓடவிட்டுவிட்டு சமையலைத்தான் கவனிப்பார். வாரத்தில் 1 மணி நேரத்தை டூட்டியிலேயே ஒதுக்குவது, சிக்னல் நல்லா இருக்கும் சுகாதார நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து உட்காருவது: இதற்குப் புது ஆப் எதுவும் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும்.