சுவிட்சைப் பூட்டும்போது சாவியை உள்ளே விட்டுடாதீங்க

இந்த எபிசோடுல நெட்வொர்க் சுவிட்ச் பத்திப் பேசுவோம். ஆபீஸ் மூலையில பச்சை லைட் மினுக்கிட்டு இருக்கும் பாருங்க, அந்தப் பெட்டிதான்.

சுவிட்ச் சங்கரன்கோவில்ல இருக்கு, அதைப் பார்த்துக்கிறவர் சென்னையில இருக்கார்னு வச்சுக்கோங்க. ஒரு செட்டிங் தப்பாகி உள்ளே போக முடியலைன்னா, பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரி பயணம் பண்ணித்தான் சரிசெய்யணும். அதனால பாதுகாப்பு எவ்வளவு முக்கியமோ, அதைச் செய்யற வரிசையும் அவ்வளவு முக்கியம்.

பழைய வழியில என்ன பிரச்சினை?

தூரத்துல இருந்து உள்ளே போக பழைய வழி டெல்நெட், போர்ட் 23. இதுல பாஸ்வேர்ட் போஸ்ட் கார்டுல எழுதின மாதிரி அப்படியே போகும். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் போன பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினாங்க. அங்கே ஆராய்ச்சியாளரா இருந்த டாட்டு யிலோனென் அதுக்கு மாற்றா எழுதினதுதான் எஸ்எஸ்ஹெச், போர்ட் 22. இதுல எல்லாமே சங்கேதமா மாறித்தான் போகும்.

ஃபைல் அனுப்பவும் ஒரு பழைய வழி இருக்கு: டிஎஃப்டிபி, போர்ட் 69. இதுக்கு பாஸ்வேர்டே கிடையாது! அதோட மாற்று எஸ்சிபி. அது எஸ்எஸ்ஹெச் மேலேயே ஓடும்.

2018-ல் நடந்தது

சிஸ்கோ சுவிட்சுகள்ல 'ஸ்மார்ட் இன்ஸ்டால்'னு ஒரு வசதி. புது சுவிட்ச் தானாவே கான்ஃபிக் ஃபைலை வாங்கிக்கிறதுக்காக வந்தது. போர்ட் 4786; யார் கேட்கறாங்கன்னு சரிபார்க்காது. 2018 ஏப்ரலில் இது இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த சுவிட்சுகளைத் தேடிப் பிடிச்சு, கான்ஃபிக்கை அழிச்சிட்டாங்க. ஈரானில் மட்டும் சுமார் 3,500 சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதா அந்நாட்டு அரசு சொன்னது.

சரி, எப்படி மாத்தறது?

சிஸ்கோவை உதாரணமா எடுத்துக்கலாம். வேலை நேரம் முடிஞ்ச பிறகு ஆரம்பிங்க.

முதல்ல இப்போ இருக்கிற கான்ஃபிக்கைச் சேமிங்க. அடுத்து 'ரீலோட் இன் 20' கொடுங்க. நீங்க வெளியே மாட்டிக்கிட்டாலும், 20 நிமிஷத்துல சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகி பழைய செட்டிங்குக்கே திரும்பிடும். நடுவுல சேமிச்சிட்டா மட்டும் இந்தக் காப்பு போயிடும்.

அப்புறம் ஹோஸ்ட்நேம், டொமைன் நேம், யூசர், 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ. எஸ்எஸ்ஹெச் வெர்ஷன் 2. இந்த நிலையில டெல்நெட்டை மூடாதீங்க. இருக்கிற விண்டோவை அப்படியே வச்சுக்கிட்டு, இன்னொரு விண்டோவில எஸ்எஸ்ஹெச் வழியா உள்ளே போய்ப் பாருங்க. போக முடிஞ்சா மட்டும் 'ட்ரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்' கொடுத்து டெல்நெட்டை மூடுங்க.

உங்க ஆபீஸ் முகவரியில இருந்து மட்டும் உள்ளே வர்ற மாதிரி 'ஆக்சஸ் கிளாஸ்' போடுங்க. 'நோ விஸ்டாக்' கொடுத்து ஸ்மார்ட் இன்ஸ்டாலை நிறுத்துங்க. மறுபடி ஒருமுறை புதுசா லாகின் பண்ணிப் பாருங்க. எல்லாம் சரின்னா 'ரீலோட் கேன்சல்', அதுக்கப்புறம்தான் சேமிப்பு.

கடைசியா, எஸ்சிபியில ஒரு பேக்கப் எடுத்து வச்சிடுங்க. டிக்கெட் புக் பண்ண வேண்டிய அவசியம் வராது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!