248 கோடியே 83 லட்சத்து 20 ஆயிரம்

ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் தம்பி, பச்சை நிறக் கனெக்டரை மோடத்தில் செருகிவிட்டு, செல்போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுவார். "நூறு எம்பி ஃபுல்லா வருதுண்ணே, பாத்துக்கங்க." வீட்டுக்காரர் அன்று ராத்திரியே 1 ஜிபி படம் ஒன்றை இறக்கிப் பார்ப்பார். நொடிக்கு நூறு எம்பி என்றால் பத்தே நொடியில் வந்துவிட வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆகும். திரையில் 11.3 என்று ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் தம்பிக்குப் போன் போகும்.

ஏமாற்று ஒன்றும் இல்லை. கம்பியில் ஓடுவதைப் பிட்டில் அளப்பது தொலைத்தொடர்புக்காரர் வழக்கம். சேமித்து வைப்பதைப் பைட்டில் அளப்பது கணினிக்காரர் வழக்கம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரூபாயும், பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசும் ஒரே சந்தையில் புழங்கின. மாற்று தெரியாமல் அங்கே கடை போட முடிந்திருக்காது. பிட்டும் பைட்டும் அப்படி ஒரே சந்தையில் புழங்கும் இரண்டு நாணயங்கள். இரண்டையும் நாம் 'எம்பி' என்றே சொல்லித் தொலைப்பதால்தான் சிக்கல். (முழுதாக 'எம்பிபிஎஸ்' என்று சொன்னால் டாக்டர் படிப்பா என்று கேட்பார்கள்.)

சரி, நூறை எட்டால் வகுத்தால் 12.5 தானே வர வேண்டும்? 11.3 எப்படி? தரவு துண்டுதுண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி, சரிபார்ப்புக் குறி, முன்னும் பின்னும் சிறு இடைவெளி உண்டு. சாதாரணமாக, நம் கோப்பிலிருந்து 1,460 பைட் போய்ச் சேர கம்பியில் 1,538 பைட்டுக்கான இடம் செலவாகிறது. நூறில் ஐந்து அங்கேயே போயிற்று. மிச்சம் 11.87. அடுத்து, கம்பிக்காரருக்கு மெகா என்றால் பத்து லட்சம். பல மென்பொருள்களுக்கோ 1,024 தடவை 1,024, அதாவது 10,48,576. அந்தப் பெரிய படியால் அளந்தால் 11.3. கணக்கு நேராகிவிட்டது.

இதுவரை வந்தது கடைக் கணக்கு. என்னை வியக்க வைப்பது வேறொரு எண். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறைதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே இழையின் ஒளியை, மின்சாரமே தேவைப்படாத ஒரு சின்னப் பெட்டி முப்பத்திரண்டாகவோ அறுபத்து நான்காகவோ பிரிக்கிறது. எல்லார் தரவும் எல்லார் வீட்டுக்கும் வரும். அவரவர் மோடம் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த இழையின் வேகம் 2.48832 ஜிபிபிஎஸ். அதாவது நொடிக்கு 248 கோடியே 83 லட்சத்து 20 ஆயிரம் பிட். 2 என்றோ 2.5 என்றோ வைத்திருக்கலாமே, எதற்கு இந்தச் சில்லறை?

அதை எட்டால் வகுத்துப் பைட்டாக்குங்கள்: 31,10,40,000. இதை 8,000-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 38,880 வருகிறது. அந்த எட்டாயிரம் எங்கிருந்து வந்தது? நம் தொண்டையிலிருந்து.

பழைய டெலிபோன், பேச்சில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் அனுப்பியது. பேசுவது யார், என்ன சொல்கிறார் என்று தெரிய அது போதும். ஓர் ஒலியை எண்ணாக்கி மறுபடி ஒலியாக்க வேண்டுமானால், அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும். கொஞ்சம் தாராளமாக 4,000 ஹெர்ட்ஸ் என்று வைத்து நொடிக்கு 8,000 மாதிரி என முடிவு செய்தார்கள். மாதிரிக்கு எட்டு பிட். ஆக ஒரு குரலுக்கு 64,000 பிட். முப்பது குரலோடு மேற்பார்வைக்கு இரண்டு இடம் சேர்த்து 32 இடம் கட்டினால் 2.048 எம்பிபிஎஸ், தொலைபேசி ஊழியர்கள் இதை இ-ஒன் என்பார்கள். 1988-ல் ஃபைபருக்கென உலகப் பொது அடுக்கு வகுத்தபோது அடிப்படை வேகம் 155.52 எம்பிபிஎஸ் ஆயிற்று. அதுவும் 64,000-இன் 2,430 மடங்குதான். அதைப் பதினாறு மடங்காக்கினால் நம் 2,488.32 வந்துவிடும்.

இன்றைக்கு அந்த இழையில் சினிமா ஓடுகிறது, சீரியல் ஓடுகிறது, யுபிஐ பணம் ஓடுகிறது. ஆனாலும் ஜிபான் தன் தரவை நொடிக்கு எட்டாயிரம் கட்டாகத்தான் கட்டி அனுப்புகிறது. கட்டுக்கு 125 மைக்ரோநொடி, 38,880 பைட். (கண்ணாடி இழையின் விட்டமும் 125 மைக்ரோமீட்டர். அது தற்செயல், அதில் தத்துவம் தேட வேண்டாம்.)

இந்த வேகங்களை நீளமாகவும் மாற்றிப் பார்க்கலாம். கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் என்பது இலக்கு. அந்தக் கணக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 497 ஊராட்சிகள் இருந்தன. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதை நூறு கோடி பிட் பங்கிட்டுக்கொண்டால் ஒரு பிட்டின் நீளம் 20 சென்டிமீட்டர்: கிட்டத்தட்ட ஒரு சாண். ஜிபான் வேகத்தில் அது ஐந்து விரற்கடை கூட இல்லை. ஐம்பது கிலோமீட்டர் கேபிளுக்குள், எந்த நொடியில் பார்த்தாலும், சாண் சாணாக இரண்டரை லட்சம் பிட் ஓடிக்கொண்டிருக்கும். எட்டால் வகுத்தால் 31,250 பைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்குக்கூடக் காணாது.

ஜிபானுக்கு அடுத்த தலைமுறைகளும் வந்துவிட்டன. பத்து ஜிபி என்று விற்பதன் உண்மை வேகம் 9.95328, ஐம்பது ஜிபி என்பதன் உண்மை வேகம் 49.7664. முதலாவது பழைய எண்ணின் நான்கு மடங்கு, இரண்டாவது இருபது மடங்கு. இரண்டையும் 8,000-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சம் வராது.