கண்மருத்துவ அறிஞர் எலியட்டும் மேற்கோள் அளவையும்

ஓர் அறிஞர் எழுதியவை எத்துணை, அவற்றைப் பிறர் எத்துணை முறை எடுத்தாண்டனர் என்னும் இரண்டையும் எண்ணி அவர்தம் ஆராய்ச்சியை மதிப்பிடுவது இக்காலப் பல்கலைக்கழக வழக்கு. ஆசிரியப் பதவியிலும் பதவி உயர்விலும் இவ்வெண்ணுக்கு இடம் உண்டு. ஆதலின், இவ்வளவை எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதைத் தமிழாய்வாளரும் தெளிதல் வேண்டும். சென்னையில் பணியாற்றிய கண்மருத்துவ அறிஞர் ஒருவரைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

மேற்கோள் நமக்குப் புதியதன்று. யாப்பருங்கல விருத்தியுரை எடுத்துக்காட்டிய நூல்கள் பல இன்று இல்லை. வளையாபதியும் குண்டலகேசியும் உரைகளிலும் தொகை நூலிலும் காணும் செய்யுட்களாலேயே ஓரளவு நமக்கு எட்டுகின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ இவ்வுண்மையை விரித்துரைக்கும். பெயர் சுட்டி எடுத்தாளுதல் ஒரு நூலை வாழவைக்கும் செயல் என்க.

இச்செயலை எண்ணாக்கும் முயற்சிக்கு வழிகாட்டியவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு. அந்நாட்டு வழக்கறிஞர்கள், ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எங்கெங்குச் சுட்டின என அறிய ஓர் அடைவினைப் பயன்படுத்தினர். அதனைப் பின்பற்றி அறிவியலுக்கும் ஓர் அடைவு வேண்டும் என அவர் 1955இல் எழுதினார். 1964இல் அது நடைமுறைக்கு வந்தது. 2005இல் இயற்பியலார் ஹிர்ஷ் வகுத்த அளவை இன்று பெரிதும் வழங்குகின்றது. ஒருவருடைய ஆறு கட்டுரைகள் முறையே 50, 30, 12, 6, 5, 4 மேற்கோள்கள் பெற்றன எனக் கொள்வோம். ஐந்து கட்டுரைகள் ஐந்துக்குக் குறையாத மேற்கோள் பெற்றன. ஆறும் ஆறுக்குக் குறையாமல் பெறவில்லை. ஆகவே அவருடைய அளவெண் 5 ஆகும்.

இனி நம் சான்றுக்கு வருவோம். 1819இல் தோன்றிய சென்னை அரசினர் கண் மருத்துவமனையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை ஏற்றிருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோயில், உள்நீர் வெளியேறாது அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு கெடும். கருவிழிப்படலமும் வெண்படலமும் கூடும் விளிம்பில் வட்டமான சிறு துளையிட்டு, அந்நீரை மேற்சவ்வின் அடியில் வடியச் செய்யும் முறையை அவர் 1909இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே கிளாஸ்கோ நகரத்துப் பெர்கஸ் என்பாரும் இதனையொத்த முறையை எழுதினார். எனினும் மருத்துவ உலகம் இதனை ‘எலியட் அறுவை’ என்றே வழங்கிற்று.

இங்கேதான் எண்ணின் குறை தோன்றுகின்றது. ஒரு மருத்துவர் ‘எலியட் அறுவை செய்தோம்’ என்று எழுதிக் கட்டுரையின் பெயரைச் சுட்டாது விட்டால், அஃது அடைவில் ஏறாது. புகழ் மிகுந்த அளவிற்குச் சுட்டுதல் குறைந்தது. 1968இல் கெய்ன்ஸ் என்பார், துளையை வெண்படலத்தின் மெல்லிய மூடியால் காக்கும் புதிய அறுவையை வெளியிட்டார். பின்வந்தோர் அவரையே மிகுதியும் சுட்டினர். திறந்த துளையால் நீர் வடிந்து அழுத்தம் தணியும் என்னும் அடிப்படைக் கருத்தோ, பொதுவறிவாகிப் பெயரிழந்து நின்றது. ஒரு கருத்து முற்றும் ஏற்கப்பட்டதனாலேயே அதன் ஆசிரியர் மறக்கப்படும் இந்நிலையைச் சமூகவியலார் மெர்ட்டன் எடுத்துரைத்தார். எனவே, குறைந்த எண் குறைந்த பயனைக் காட்டும் எனக் கொள்ளுதல் பிழையாகும்.

இக்குறை ஆங்கில மருத்துவத்தோடு நில்லாது, நம் துறையையும் தொடும். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் ஓதப்படும் சித்த மருத்துவத்திற்கும் கண்மருத்துவ நூல்கள் உண்டு; கண்ணோய்களைத் தொண்ணூற்றாறாக வகுக்கும் நாகமுனிவர் நயனவிதி அவற்றுள் ஒன்று. இத்தகைய நூலை ஆங்கிலக் கட்டுரையில் ஒருவர் ஓரெழுத்துக்கூட்டலிலும் மற்றொருவர் வேறோர் எழுத்துக்கூட்டலிலும் எழுதுவாராயின், அடைவு அவற்றை வேறு வேறு நூல்களாகவே கொள்ளும். ‘பழைய நூல் கூறும்’ என்றளவில் நிறுத்தினால் எதுவும் பதியாது. சுவடியைப் படித்துப் பாடவேறுபாடு கண்டு பதிப்பித்தவர் உழைப்பும் கணக்கினின்று நீங்கும்.

ஆகவே முதுகலை மாணவரும் ஆய்வாளரும் இரண்டினைக் கடைப்பிடித்தல் நன்று. ஒருவரை மதிப்பிடுங்கால் எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் கொண்டு, அவர் எழுதியதனைப் படித்தே முடிவு கூறுக. தாம் எழுதுங்கால் நூற்பெயர், பதிப்பாசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை ஒரே முறையில் தவறாது குறிக்க. பழைய உரையாசிரியர் பெயர் சுட்டாது விட்ட மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று நாம் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றோம். அவ்விடரை நமக்குப் பின் வருவோர்க்கு நாம் வைத்துச் செல்லலாகாது.