எடுத்த பொம்மையைத் திருப்பி வைக்க ஓர் இடம்

கூடம் முழுக்கப் பொம்மைகள் இறைந்து கிடந்தால் குழந்தையைக் கடிந்துகொள்கிறோம். ஆனால் பல வீடுகளில் பொம்மைகளுக்கென்று ஓர் இடமே இருப்பதில்லை. இருந்தாலும் அது குழந்தையின் கைக்கு எட்டுவதில்லை. தானே எடுக்கவும் தானே வைக்கவும் முடிகிற இடத்தை அமைத்துக் கொடுத்தால், இரண்டு வயதுக் குழந்தையும் பொம்மைகளை எடுத்து வைக்கப் பழகும். அதற்குத் தனி அறை வேண்டாம். ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டிலும் செய்யலாம்.

வெளியே இருப்பதைக் குறையுங்கள்

அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை விளையாடவிட்டுக் கவனித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருமுறை 4 பொம்மைகள், மறுமுறை 16 பொம்மைகள். நான்கே இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், பல விதங்களில் விளையாடினார்கள்.

எனவே பொம்மைகளை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு வெளியே இருக்கட்டும். மற்ற இரண்டும் பரணுக்கோ கட்டிலுக்கு அடியிலோ போகட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திரும்பி வரும் பொம்மை புதிதுபோலவே குழந்தையை ஈர்க்கும். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையை மட்டும் இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம். உடைந்து கூர்மையானவற்றை உடனே அப்புறப்படுத்துங்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், விவரம் புரிகிற குழந்தையிடம் முதலில் கேளுங்கள். அது குழந்தையின் பொருள்.

தாழ்வாக, திறந்தபடி, வகைவகையாக

1939இல் இந்தியா வந்து, சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர் மரியா மாண்டிசோரி. அவருடைய வகுப்பறைகளில் பொருட்கள் குழந்தையின் கண் மட்டத்தில், திறந்த தட்டுகளில், ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில் இருக்கும். அடுக்களை இருட்டிலும் உப்பு டப்பாவுக்கு நம் கை தானாகப் போகிறதே, அந்தப் பழக்கம் குழந்தைக்கும் வருவது இப்படித்தான்.

அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தாலே போதும். எல்லாவற்றையும் ஒரே சாக்கிலோ ஆழமான டிரம்மிலோ போட்டால், அடியில் கிடக்கும் ஒரு காருக்காகக் குழந்தை மொத்தத்தையும் கவிழ்க்கும். ஆழமில்லாத சிறு கூடைகளே நல்லவை. ஒரு கூடையில் வண்டிகள், ஒன்றில் கட்டைகள், ஒன்றில் மிருகங்கள். எழுத்துத் தெரியாத குழந்தைக்குக் கூடையின் மேல் ஒரு படம் ஒட்டுங்கள்.

சொப்புச் சாமானுக்குத் தனித் துணிப்பை வையுங்கள். புதிர்ப்படத் துண்டுகளின் அட்டைப்பெட்டி சீக்கிரம் கிழிந்துவிடும். மேலட்டைப் படத்தை மட்டும் வெட்டி, துண்டுகளோடு ஜிப் பையில் போடுங்கள். ஒரு படத்தின் துண்டுகளுக்கெல்லாம் பின்புறம் ஒரே நிறப் பொட்டு வைத்துவிட்டால், சோபாவுக்கு அடியில் கிடைக்கும் துண்டு எந்தப் பைக்குரியது என்று தெரிந்துவிடும்.

உயரத்தில் பூட்ட வேண்டியவை

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் மூத்த பிள்ளையின் பொருட்களே பெரிய ஆபத்து. கோலிக்குண்டு, மணி, பல்லாங்குழிச் சோழி, சிறு கட்டைகள் எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் அப்படியே. இவற்றை மேல்தட்டில் மூடிய டப்பாவில் வையுங்கள்; பெரியவர் துணையோடு மேசைமேல் வைத்து மூத்தவர் விளையாடட்டும்.

பட்டன் பேட்டரியில் மிகுந்த கவனம் தேவை. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். திருகாணி போட்டு மூடாத பேட்டரிப் பொம்மையைச் சிறு குழந்தையிடம் தராதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். சிறு காந்தங்களும் ஆபத்தானவை. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைக்கக்கூடும்.

ஷெல்ஃபைச் சுவரோடு திருகாணியால் இறுக்குங்கள். குழந்தைகள் தட்டுகளில் கால் வைத்து ஏறுவார்கள். கனமான மூடியுள்ள மரப்பெட்டி என்றால் மூடியைக் கழற்றிவிடுங்கள்.

பரணில் ஏற்றும் முன்

ஐப்பசி மழை தொடங்குமுன் பரணுக்குப் போகும் பொம்மைகளைச் சுத்தம் செய்துவிடுவது நல்லது. பேட்டரிகளைக் கழற்றுங்கள், நாளாக ஆகக் கசிந்து பொம்மையைக் கெடுக்கும். பிளாஸ்டிக்கைச் சோப்பு நீரில் கழுவி முழுக்க உலர்த்துங்கள். மரப்பொம்மையை ஊறப்போடாமல், ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். துணிப்பொம்மையைத் துவைத்து வெயிலில் போடுங்கள். பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். பார்க்க மிட்டாய் போலிருக்கும் அது நஞ்சு. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும்.

அடுக்கப் பழக்குதல்

“எல்லாத்தையும் எடுத்து வை” என்றால் சிறு குழந்தைக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. “காரெல்லாம் இந்தக் கூடையில போடு கண்ணு” என்றால் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நீங்களோ தாத்தா பாட்டியோ தரையில் குழந்தையோடு உட்கார்ந்து செய்யுங்கள். பாதி கட்டிய கோபுரத்தைக் கலைக்கச் சொல்லாதீர்கள். ஒரு தட்டில் வைத்து நாளைக்குத் தொடர விடுங்கள்.

உங்கள் ஏற்பாடு சரியா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: யாரையும் கூப்பிடாமல் குழந்தை ஒரு பொம்மையை எடுத்து, விளையாடி, திருப்பி வைக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் குழந்தையைத் திட்டாமல் கூடையின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.