வாடைக்காலத்தில் பிள்ளைகளின் தூக்கம்

2022 டிசம்பர் 9 ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகள் பூட்டப்பட்டன. காரணம் வெள்ளமோ வேலைநிறுத்தமோ அல்ல, காற்று. வங்கக் கடலில் திரண்ட மாண்டஸ் புயல், இந்தியப் பெருநிலத்தின் மாசுக் காற்றை இலங்கைப் பக்கம் இழுத்துவந்திருந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கிகள் இல்லாத நெடுந்தீவையும் நயினாதீவையும்கூட அந்தக் காற்று விட்டுவைக்கவில்லை.

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத் தீவகத்துக்குப் பெரும் கவலை இல்லை. அது கடலைத் தாண்டி வரும் காற்று. காற்று வடகிழக்கு வாடையாகத் திரும்பிய பிறகுதான் நிலைமை மாறுகிறது. பெருநிலத்தில் எரிந்தவற்றின் நுண்துகள்களும் அதனுடன் வருகின்றன. 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய இந்தத் துகள், ஒரு கனமீற்றர் காற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்ன அளவு. இலங்கையின் சட்டம் 50 வரை அனுமதிக்கிறது.

ஆனால் பிள்ளையின் தூக்கத்தைப் பற்றி யோசிக்கும்போது வானத்தைவிட அறையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். வாடை மாதங்களே மழையின் மாதங்கள், நுளம்பின் மாதங்கள். யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரியைக் கொளுத்திவைக்கிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட திரிகளைச் சோதித்து 2003 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரு திரி முழுதாக எரியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று கணித்தது. வீட்டில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் பிள்ளையை வெளியே அனுப்புகிற தாய், அதே பிள்ளையின் தலைமாட்டில் திரியை வைக்கிறாள். டெங்குப் பயத்தில்தான் வைக்கிறாள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது.

இந்தப் புகை தூக்கத்தை என்ன செய்கிறது? மூக்கின் உள்தோலும் தொண்டையும் அழற்சியால் வீங்கி, காற்று போகும் வழி ஒடுங்குகிறது. பிள்ளை வாயால் மூச்சுவிடுகிறது, குறட்டை விடுகிறது. மூச்சு தடைப்படும் ஒவ்வொரு முறையும் மூளை ஒரு கணம் விழித்துக்கொள்கிறது. பிள்ளைக்கு அது நினைவில் இராது. எட்டு மணிநேரம் படுத்தெழும்பியும் வகுப்பில் கண் சொக்குகிறது. நாங்கள் கைத்தொலைபேசியைக் குற்றஞ்சொல்கிறோம். அதில் உண்மை உண்டுதான், ஆனாலும் அறைக்குள் இருந்த புகையை யாரும் விசாரிப்பதில்லை.

குசினிப் புகையும் இதே கதைதான். காவோலையும் பனைமட்டையும் ஊமலும் எரிகிற அடுப்பு, படுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் இரவுச் சமையலின் புகை அங்கேயே தங்கிவிடும். பெருவின் மலைக் கிராமங்களில் விறகடுப்புக்குப் பதிலாகப் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்தபோது, அவற்றை ஒழுங்காகப் பாவித்த வீடுகளில் பிள்ளைகளின் குறட்டையும் இரவு விழிப்பும் பகல் தூக்கமும் குறைந்ததாக 2014 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். புகை மட்டுமல்ல, அடைத்த அறையின் காற்றும் கவனிக்கவேண்டியது. டென்மார்க்கில் பல்கலைக்கழக மாணவர்களின் விடுதி அறைகளுக்குள் இரவில் வெளிக்காற்று வரவிட்டுப் பார்த்தார்கள். தூக்கம் மேம்பட்டது, மறுநாள் சிந்தனைச் சோதனையிலும் அவர்கள் நன்றாகச் செய்தார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

வீட்டார் கையில் இல்லாத புகையும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் மின்சாரத்துக்கு டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 2012 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய, காற்று மின்சாரம் வழங்க இந்திய நன்கொடையுடனான ஒப்பந்தம் 2024 மார்ச் 1 ஆம் திகதி கைச்சாத்தானது. அரசியல் பேச்சில் அது இந்தியா, சீனா போட்டியாகவே அடிபட்டது. பிள்ளைகளின் மூச்சை முன்வைத்துப் பேசியவர்கள் குறைவு.

வீட்டில் செய்யக்கூடியது செலவு குறைந்தது. திரிக்குப் பதிலாக ஓட்டையில்லாத நுளம்புவலை. யன்னலுக்குக் கம்பிவலை அடித்து, அதைத் திறந்து வைப்பது. மாசு கூடிய நாளில் மட்டும் சாத்தலாம். பின்னேரத்தில் வளவுக் குப்பையை, முக்கியமாகப் பிளாஸ்டிக்கை, கொளுத்தாமல் இருப்பது. வாரத்தில் பல இரவுகள் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வரும் பிள்ளையை, வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல், அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னாலுள்ள அடிநோயிட் சதையின் வீக்கமா, தொய்வா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். வீட்டில் என்ன கொளுத்துகிறீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.