ஒரே ஒரு கட்டடத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

சிட்னி ஒபரா ஹவுஸுக்கு முதலில் போட்ட கணக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். முடிந்தபோது 10 கோடியே 20 லட்சம். 1963-இல் திறக்க வேண்டியதை 1973-இல்தான் திறந்தார்கள். ஏன் என்று கேட்டால் "அந்த வளைந்த கூரை" என்பார்கள், அல்லது "கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் பிடிவாதம்" என்பார்கள். கட்டுமான மேலாண்மையில் கேஸ் ஸ்டடி செய்பவர் இந்தப் பதில்களை உரசிப் பார்த்தாக வேண்டும்.

முதல் உரைகல் தேதிதான். கூரையைக் கட்டிய சிரமம்தான் காரணமென்றால், கூரை வேலை தொடங்கிய பிறகல்லவா தாமதம் வந்திருக்க வேண்டும்? 1961 தொடக்கத்தில், பீடம் கட்டும்போதே, வேலை 47 வாரம் பின்தங்கிவிட்டது. அரசு அவசரப்படுத்தியதால் 1959-இல் வரைபடங்கள் முடியுமுன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். கூரையின் வடிவம் முடிவாகாமலே எழுப்பிய தூண்கள் அதன் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்ததும், அவற்றை மாற்றிக் கட்ட நேர்ந்தது. கூரைக்கும் பங்குண்டு. வேர் அந்த அவசரத்தில் இருக்கிறது.

உட்சன் 1966-இல் விலகியபோது ஆகியிருந்த செலவு சுமார் 2 கோடியே 29 லட்சம், மொத்தத்தில் கால்பங்குகூட இல்லை. அப்படியானால் அவர்மேல் தவறே இல்லையா? அப்படிச் சொல்வதும் அவசரம்தான். உள்வேலை முழுக்க பாக்கியிருந்தது. யார் செய்திருந்தாலும் அதற்குப் பணம் ஆகியிருக்கும். நமக்குப் பிடித்த முடிவுக்குத் தோதாக ஓர் எண் கிடைக்கும்போதுதான் அதை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

எண்ணைப் போலவே சாட்சியத்தையும் சோதிக்க வேண்டும். பேட்டியை மட்டும் நம்பி எழுதும் ஆய்வுகள் எனக்கு வருத்தம் தருகின்றன. பத்து வருடம் கழித்துப் பேசும் இன்ஜினியருக்குத் தன் பக்கத்து நியாயமே நினைவில் நிற்கும். சைட் டைரி அன்றன்று எழுதியது. ஆனாலும் பின்னால் கிளெய்ம் போடுவதை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். அதனால் பில், கூட்டக் குறிப்பு, வரைபடம் திருத்திய தேதி என எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும். எந்த முடிவு எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று இன்னொருவர் தடம்பிடித்துப் போக வழி இருக்க வேண்டும். கேஸ் ஸ்டடி முறை பற்றிய தம் நூலில் ராபர்ட் யின் அழுத்திச் சொல்வதும் இதைத்தான்.

ஒரு கட்டடத்தை வைத்து "நூற்றுக்கு இத்தனை திட்டங்கள் தாமதமாகும்" என்று சொல்ல முடியாது. வடிவம் முடிவாகாமல் தொடங்கினால் பின்வேலை முன்வேலையை உடைக்கும் என்ற காரணத் தொடரை வேண்டுமானால் இன்னொரு கட்டடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்பெயினின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகமும் வளைவும் நெளிவுமானதுதான். 1997-இல் குறித்த காலத்தில், குறித்த செலவுக்குள் திறந்தது. அதன் வளைவுகளைக் கட்டுமுன்பே கணினியில் வடித்து அளந்திருந்தார்கள். சிட்னியில் வேலை தொடங்கியபோது அந்த வசதி இல்லை. அந்த வித்தியாசத்தையும் கழித்துவிட்டுத்தான் இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும்.